வீடு மாறி வந்த நாயும் அதன் ஓயாத துள்ளலும்

வேறொரு வீட்டில் வளர்ந்து, ஏதோ ஒரு காரணத்தால் கைமாறி வந்த நாய்களைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான்: நாய் ஒரு கணம்கூட ஓய மாட்டேன் என்கிறது. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அந்த நாய்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: இரண்டு வயதான லாப்ரடார் கலப்பின ஆண் நாய் ஒன்றை, அதை வளர்த்த குடும்பத்தால் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாமல் போனதால், பத்து நாட்களுக்கு முன் நாங்கள் பெற்றுக்கொண்டோம். முதல் மூன்று நாட்கள் மேசைக்கடியில் அடங்கிக் கிடந்தான். இவ்வளவு சாதுவா என்று வியந்தோம். அதன் பிறகு வீடே தலைகீழாகிவிட்டது. காலணிகளைக் கவ்விக்கொண்டு ஓடுகிறான். மாலையானால் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பாய்கிறான். எங்களில் யாராவது எழுந்து நின்றாலே தானும் எழுந்துவிடுகிறான். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் நடத்திச் செல்கிறோம், பந்தும் எறிகிறோம். களைப்பு என்பதே தெரியவில்லை. இன்னும் எவ்வளவு ஓட வைக்க வேண்டும்?

பதில்: இதற்கு மேல் ஓட வைக்க வேண்டாம். நீங்கள் விவரிக்கும் நாய்க்கு ஓட்டம் போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. உறக்கம் போதவில்லை என்றே தோன்றுகிறது. வளர்ந்த நாய் ஒரு நாளில் சுமார் 12 முதல் 14 மணி நேரம் உறங்கக்கூடியது. உங்கள் வீட்டில் அவன் எத்தனை மணி நேரம் கண்ணை மூடுகிறான் என்பதை இரண்டு நாட்கள் குறித்துப் பாருங்கள். யாராவது எழுந்தாலே தானும் எழுந்துவிடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்திய வரி அதுதான். எந்தக் கதவு எங்கே திறக்கும், யார் எப்போது வெளியே போவார்கள், போனவர்கள் திரும்புவார்களா என்று எதுவுமே தெரியாத இடத்தில் ஒரு பிராணியால் ஆழ்ந்து உறங்க இயலாது. தூக்கம் கெட்ட குழந்தை இரவில் ஆடும் ஆட்டத்தைப் பார்த்து, இதற்கு இன்னும் விளையாட்டு வேண்டும் என்று நாம் முடிவு செய்வதில்லை அல்லவா?

முதல் மூன்று நாட்கள் அவன் அடங்கிக் கிடந்ததும் சாதுத்தனம் அன்று, அச்சமே. கைமாறும் நாய்களைப் பராமரிப்பவர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு: திகைப்பு சற்றே தணிய 3 நாட்கள், வீட்டின் ஒழுங்கு பிடிபட 3 வாரங்கள், இது என் வீடு என்ற நிலைக்கு வர 3 மாதங்கள். இது விஞ்ஞான விதி அன்று. சில நாய்கள் ஒரே வாரத்தில் நிலைகொள்ளும், சிலவற்றுக்கு ஓராண்டும் போதாது. ஆனாலும் பத்தாம் நாளில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஆறுதல் தரும் என்பதால் சொல்லி வைக்கிறேன். நீங்கள் இப்போது பார்ப்பது அவனுடைய இறுதியான குணம் அன்று.

பந்து எறிவதைப் பற்றி என் சொந்த அனுபவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் இப்படி வந்து சேர்ந்த முதல் நாய்க்கு, களைத்தால் அடங்கிவிடும் என்று நம்பி, நாள்தோறும் நூறு முறையாவது பந்தை எறிந்தேன். இரண்டு மாதங்களில் என் தோள்பட்டைதான் ஓய்ந்தது. நாயோ இருநூறு முறை ஓடும் தேர்ந்த ஓட்டக்காரனாகிவிட்டது. திரும்பத் திரும்பப் பாய்ந்து திடீரென நின்று திரும்பும் விளையாட்டு மூட்டுகளுக்கு நல்லதன்று என்பது ஒருபுறம் இருக்க, அது நாயின் கிளர்ச்சியை ஏற்றுகிறதே தவிர இறக்குவதில்லை. விளையாடி முடித்துவிட்டு வீட்டுக்குள் வரும் நாய், உள்ளே இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்குப் பதிலாக மூக்குக்கு வேலை கொடுங்கள். மனித மூக்கில் சில மில்லியன் மோப்ப உணர்விகளே உள்ளன. நாயின் மூக்கிலோ அவை பல நூறு மில்லியன் வரை இருக்கக்கூடும். ஒரு மணி நேரம் வேகமாக இழுத்துக்கொண்டு நடப்பதைவிட, ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றை மார்புப் பட்டையில் கோத்து, அரை மணி நேரம் அவன் விரும்பிய இடத்திலெல்லாம் நின்று முகரவிட்டு அழைத்து வந்தால் அவன் நிறைவோடு திரும்புவான். நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள். ஓடிப்போய் வெட்டி நிற்கும்போது கழுத்தில் அடிபடும். உணவில் ஒரு பங்கைத் தட்டில் வைக்காமல் புல்லில் சிதறவிட்டோ, பழைய துண்டில் சுருட்டி வைத்தோ தேடித் தின்னச் செய்யுங்கள். மெல்லுவதும் நக்குவதும் நாய்களை அமைதிப்படுத்தும் செயல்கள். நடந்து வந்த பின் பாதுகாப்பான மெல்லும் பொருள் ஒன்றைக் கொடுத்து அவனுடைய இடத்தில் விட்டுவிடுங்கள். ஆனால் வேகவைத்த எலும்பை மட்டும் கொடுக்காதீர்கள். அது கூர்மையாகச் சிதறிக் குடலைக் கிழிக்கக்கூடியது.

அந்த 'அவனுடைய இடம்' எது என்பதையும் யோசியுங்கள். எல்லோரும் நடமாடும் வழியில் படுக்கையைப் போட்டுவிட்டு, நாய் படுப்பதில்லை என்று வருந்துவதில் பயனில்லை. சுவரோரமாக, கதவும் சன்னலும் எதிரே தெரியாத மூலை ஒன்று வேண்டும். அங்கே படுத்திருக்கும்போது குழந்தை உட்பட யாரும் தொடக்கூடாது. பிறகு ஓய்வை ஒரு பாடமாகவே கற்பிக்கலாம். கயிற்றின் நுனியை உங்கள் காலடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, எதுவும் பேசாமல் ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். அவன் நிற்பான், முனகுவான், உங்களைப் பார்ப்பான். ஒரு கட்டத்தில் அலுத்துப்போய்ப் படுப்பான். அப்போது தின்பண்டத் துண்டு ஒன்றை அவன் முன்னங்கால்களுக்கு நடுவே சத்தமில்லாமல் வையுங்கள். பாராட்டிக் கொஞ்சினால் மறுபடி எழுந்துவிடுவான். நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல நீட்டுங்கள். பார்ப்பவர்களுக்கு இது பயிற்சி என்றே தெரியாது. ஆயினும் இத்தனை ஆண்டுகளில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் கண்டதில்லை.

காலணிகளைப் பொறுத்தவரை அவன்மீது குற்றமில்லை. லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களுக்கு ஒத்தாசையாக இருந்தவை. பின்னர் பிரிட்டனில், வேட்டையில் வீழ்ந்த பறவைகளைச் சிதைக்காமல் கவ்வி வருவதற்காக வளர்க்கப்பட்டவை. கவ்வுவது அவனுக்குக் குலத்தொழில். துரத்தினால் அது அருமையான விளையாட்டாகிவிடும். துரத்தாமல், அவனுக்குப் பிடித்த வேறொன்றை நீட்டி மாற்றிக்கொள்ளுங்கள், கவ்வித் திரிய அவனுக்கென்று ஒரு பொம்மையைக் கொடுங்கள், காலணிகளை அலமாரிக்குள் வையுங்கள். மாலைநேரப் பாய்ச்சலில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. தரை வழுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டீர்களா? தெள்ளுப்பூச்சியால் வரும் அரிப்பு, காது வலி, வயிற்றுக் கோளாறு ஆகியவையும் நாயை ஓய விடாது. அதைச் சுறுசுறுப்பு என்றே நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

கேள்வி: எங்களிடம் வந்த பெண் நாய்க்கு ஒன்றரை வயது. வருகிறவர்கள் எல்லோர் மீதும் தாவுகிறது. கத்திப் பார்த்தோம், முழங்காலால் தள்ளியும் பார்த்தோம். இன்னும் உற்சாகமாகத் தாவுகிறது. சென்ற வாரம் என் மாமியார் விழப் பார்த்தார். என்ன செய்வது?

பதில்: நாயின் கண்ணோட்டத்தில் பாருங்கள். தாவினால் மனிதர்கள் தன்னைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், கைகளால் தொடுகிறார்கள். நீங்கள் தண்டனை என்று நினைத்துச் செய்யும் மூன்றும் அதற்கு வெகுமதிகள். முகத்தருகே வந்து வரவேற்பது நாய்களிடையே இயல்பான மரியாதையும்கூட. நம் முகம் உயரத்தில் இருப்பது அதன் தவறன்று.

நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனம் கிடைக்கும் என்பதை வீட்டார் அனைவரும் ஒரே மாதிரியாகக் கடைப்பிடிக்க வேண்டும். தாவினால் பேசாமல் முகத்தைத் திருப்பி நில்லுங்கள். இறங்கிய அந்த நொடியில் குனிந்து, தாழ்ந்த கையால் தின்பண்டம் கொடுங்கள். தொடக்கத்தில் சில நாட்கள் தாவல் குறையாமல் கூடவே செய்யும். இதுவரை பலித்த வழி திடீரெனப் பலிக்காமல் போனால், அதையே இன்னும் பலமாக முயன்று பார்ப்பது எந்த உயிருக்கும் உள்ள இயல்பு. பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து 'சரி, போ' என்று தடவிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் நாய் கற்றுக்கொள்வது, இன்னும் உயரமாகத் தாவினால் பலிக்கும் என்பதையே.

ஆனால் உங்கள் மாமியாரின் இடுப்பெலும்பைப் பயிற்சிக் களமாக்காதீர்கள். அவர் நடமாடும் நேரங்களில் நாய் கயிற்றிலோ, தடுப்புக் கதவுக்கு அப்பாலோ இருக்கட்டும். விருந்தினர் வரும்போதும் அப்படியே. வந்தவர்கள் அமர்ந்து, பேச்சு ஓய்ந்த பிறகு நாயை அழைத்து வாருங்கள். தடுத்து வைப்பது தோல்வி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், தவறான பழக்கம் நாள்தோறும் ஒத்திகை பார்க்கப்படாமல் இருப்பதே பாதித் தீர்வு.

கேள்வி: புதிதாக வந்த நாயை முதல் நாளே அடக்கி, யார் தலைவர் என்று காட்டிவிட வேண்டும் என்றும், உறுமினால் மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றும் என் சித்தப்பா சொல்கிறார். அவர் பல நாய்களை வளர்த்தவர். அது சரியா?

பதில்: சரியன்று. உங்கள் சித்தப்பாவின் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதால், அவரிடம் மரியாதையாகவே எடுத்துச் சொல்லலாம். ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் கூட்டில் அடைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து 1947இல் வெளியிட்ட ஆய்விலிருந்து, ஓநாய்க் கூட்டம் என்றாலே தலைமைக்கான ஓயாத சண்டை என்ற எண்ணம் பரவியது. அதையே நாய்களுக்கும் பொருத்திவிட்டார்கள். அந்த எண்ணம் பரவுவதற்குத் தம்முடைய நூலாலும் காரணமாக இருந்த ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கவனித்த பிறகு, இயற்கையான கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் குட்டிகள் சேர்ந்த குடும்பமே என்று 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை, பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்துவரும் நாயின் மீது சுமத்துவதில் பொருளில்லை.

நடைமுறையில் இதைவிட முக்கியமானது உறுமல். உறுமல் என்பது 'எனக்குச் சங்கடமாக இருக்கிறது, விலகு' என்ற முன்னறிவிப்பு. அதற்கு முன்பே நாய் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப் பார்வை பார்க்கும். அவற்றை நாம் கவனிக்காததால்தான் குரல் கொடுக்கிறது. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், சங்கடத்தை விடாது. அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். உறுமினால் விலகுங்கள், எது அதைத் தூண்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள், தொடர்ந்தால் வன்முறையற்ற முறையில் பயிற்றுவிப்பவரையோ மருத்துவரையோ நாடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் மூன்று வயது நாய் ஒன்று எங்கள் வீட்டுக்கு வரவிருக்கிறது. பழைய உரிமையாளரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: 'ஏன் கொடுக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு நேரான பதில் எப்போதும் கிடைக்காது, 'ரொம்பச் சுறுசுறுப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் எதையும் மறைத்துவிடலாம். எனவே நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். கடைசியாக யார்மீது பல் பட்டது? தின்னும்போது அருகில் போனால் என்ன செய்யும்? எத்தனை மணி நேரம் தனியாக இருந்திருக்கிறது, அப்போது என்ன ஆனது? வேலியைத் தாண்டி ஓடியது உண்டா? இடி, வெடிச் சத்தம், இருசக்கர வாகனம், குடை, தொப்பி இவற்றில் எதற்கு மிரளும்? குழந்தைகளோடும் பூனைகளோடும் இருந்திருக்கிறதா? இவற்றைக் கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வந்துவிட்டால் உண்மை வெளிவராது.

ஆவணங்களில் தடுப்பூசிக் குறிப்பேடு முதன்மையானது. வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய தொற்றுநோய்களுக்கு எப்போது போடப்பட்டது என்று பாருங்கள். குறிப்பேடு இல்லையென்றால், மறுபடி தொடங்குவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். குடற்புழு மருந்து கொடுத்த தேதி, உண்ணி தடுப்பு, கருத்தடை ஆனதா என்பதையும் கேளுங்கள். தோலுக்கடியில் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) இருந்தால், அதன் 15 இலக்க எண்ணின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பலர் மறந்துவிடுவது இதைத்தான். புதிய வீட்டிலிருந்து நாய் ஓடிப்போகும் ஆபத்து முதல் சில நாட்களிலேயே அதிகம். அப்போது சில்லு பழைய முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

அதே உணவு ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு வாங்கி வாருங்கள். உடனே மாற்றினால் பேதியாகும். ஏழு முதல் பத்து நாட்களில், புதிய உணவை நான்கில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று கூட்டிக்கொண்டே போங்கள். துவைக்காத பழைய போர்வை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். நாற்றம் உங்களுக்குத் தாங்காது. நாய்க்கு உங்கள் வீட்டில் தெரிந்த பொருள் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது வயது நாய் இருக்கிறது. துள்ளும் புதிய நாயை அது ஏற்குமா?

பதில்: வீட்டு வாசலில் அறிமுகப்படுத்தாதீர்கள். இரண்டுக்கும் சொந்தமில்லாத திறந்தவெளியில், ஆளுக்கொரு நாயாகப் பிடித்துக்கொண்டு, போதுமான இடைவெளிவிட்டு ஒரே திசையில் நடங்கள். கயிறுகள் தளர்ந்து, இரண்டும் தரையை முகரத் தொடங்கிய பின் இடைவெளியைக் குறைக்கலாம். நேருக்கு நேர் முகம் பார்க்க நிறுத்துவதே பெரும்பாலான சண்டைகளுக்குத் தொடக்கம். வீட்டில் உணவும் மெல்லும் பொருள்களும் தனித்தனி அறைகளில்தான்.

முதிய நாய் புதியதை உறுமி விலக்கினால் தடுக்க வேண்டாம். அது தன் எல்லையைச் சொல்கிறது. ஆனால் புதியது அந்தச் சொல்லைக் கேளாமல் மேலே விழுந்துகொண்டே இருந்தால், நீங்கள் குறுக்கிட்டு அதை அழைத்துச் சென்றுவிடுங்கள். ஒன்பது வயதில் மூட்டுவலி இருக்கலாம். விளையாட்டுக்கு இடிப்பதுகூட அதற்கு வலிக்கும். புதியது எட்ட முடியாத ஓர் அறை அந்த முதியவருக்கு உறுதியாக இருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் வெளியே போனால் நாய் ஊளையிட்டுக் கதவைச் சுரண்டுகிறது. பொழுது போகாமல் செய்கிறதா?

பதில்: கைபேசியை ஓரிடத்தில் வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். அலுப்பினால் குறும்பு செய்யும் நாய் முதலில் சற்று உறங்கும், பிறகு எழுந்து குப்பைத் தொட்டியைக் கிளறும். பிரிவு அச்சமோ பெரும்பாலும் நீங்கள் போன முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே வெடித்துவிடும்; எச்சில் வடியும், வாசலிலேயே நிற்கும், பிடித்த தின்பண்டத்தையும் தொடாது. பின்னது எனில், கூட்டில் அடைப்பதால் அச்சம் கூடும். நகமும் பல்லும் உடையும் அளவுக்குப் போராடிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாவியை எடுத்துவிட்டு மறுபடி உட்காருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். பத்து நொடி வெளியே நின்று திரும்புங்கள். நாய் அமைதியாக இருக்கும் அளவுக்குள் மட்டுமே நேரத்தைக் கூட்டுங்கள், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நீண்ட நேரம் தனியே விடாதிருக்க வீட்டார் முறைவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கடுமையாக இருந்தால் மருந்தும் உதவும். அதை மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: கருத்தடை செய்தால் துள்ளல் அடங்குமா?

பதில்: அடங்காது. ஆண் நாயின் ஊர் சுற்றலும் ஆங்காங்கே சிறுநீர் தெளிப்பதும் குறையலாம். இளமையும் இனக்குணமும் பழக்கமும் தரும் துள்ளலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு வயது. புதிய நாய் அவளைச் சுற்றியே வருகிறது. தனியாக விடலாமா?

பதில்: ஒரு நிமிடம்கூட விட வேண்டாம், நாய் எவ்வளவு நல்லதானாலும் இதில் விலக்கில்லை. சிறு குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் தெரிந்த நாய்களே. கட்டிப்பிடிப்பதும், உறங்கும்போதும் உண்ணும்போதும் தொடுவதும் கூடாது என்று அவளுக்குக் கற்பியுங்கள். நாய் மிகையாகத் துள்ளினால் ஓடாமல், கைகளை ஒடுக்கி மரம்போல நிற்கப் பழக்குங்கள். பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று: குழந்தை கையிலிருந்து நழுவும் சாக்லேட், திராட்சை, சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த இனிப்பு ஆகியவை நாய்க்கு நஞ்சு.

கேள்வி: ஐந்து மாதமாக முயன்றுவிட்டோம். பயிற்சியாளரும் வந்தார். என் தந்தை படுத்த படுக்கையாக இருக்கிறார். நாயின் துள்ளலை எங்களால் சமாளிக்க இயலவில்லை. ஏற்கெனவே ஒரு முறை கைவிடப்பட்ட நாயை மீண்டும் கொடுப்பது பாவம் அல்லவா?

பதில்: நீங்கள் கைவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. தெருவில் அவிழ்த்து விடுவது கைவிடுதல். பொருத்தமான வீட்டைத் தேடி, அது கிடைக்கும்வரை வைத்திருந்து ஒப்படைப்பது வேறு. இந்த நாய்க்கு ஓடியாட ஆளும் இடமும் உள்ள வீடு வேண்டும். உங்கள் தந்தைக்கு அமைதி வேண்டும். இரண்டும் நியாயமானவை. முதலில், எங்கிருந்து வந்ததோ அவர்களிடம் தெரிவியுங்கள். திருப்பி அளிப்பது பற்றி அப்போதே பேசியிருக்கக்கூடும். வரப்போகும் குடும்பத்தை ஒரு முறையல்ல, இரண்டு மூன்று முறை நாயோடு நடக்க அழையுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் சில பக்கங்கள் எழுதிக் கொடுங்கள். அது எந்த நேரத்தில் உண்ணும், எந்தச் சத்தத்துக்கு மிரளும், எந்த மூலையில் நன்றாக உறங்கியது, உறுமியது எப்போது, எந்தச் சொல்லுக்கு அமரும், பயிற்சியாளர் சொன்னவற்றுள் பலித்தது எது, பலிக்காதது எது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். அது உங்களிடம் வந்தபோது அப்படி ஒரு தாள் உங்கள் கையில் இருந்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்திருக்காது என்றே ஊகிக்கிறேன்.